வினைக்கொள்கையும் வறுமையாராய்ச்சியும்

திருவண்ணாமலையை வலம்வரும் நெறி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. அந்நெறியிலே எண்டிசைக்கும் உரியவாக எட்டு இலிங்கத் திருமேனிகள் எழுந்தருளியிருத்தலைச் சைவ நன்மக்கள் அறிவர். அவற்றுள் வடதிசைக்குரிய குபேரலிங்கத்தின் சந்நிதியில் முழுமதி நாளிரவிலே உண்டாகும் நெருக்கம் சொல்லுந்தரமன்று. பொருள் வேண்டி நிற்போர் வரிசை உள்ளே. பொருளின்மையாற் குவளையை முன்வைத்து அமர்ந்திருப்போர் வரிசை வெளியே. இரு வரிசையாரும் வேண்டுவது ஒன்றே. உள்ளிருந்து வெளிப்போந்த அன்பரொருவர், வெளியிலிருப்பார் கையில் ஒரு நாணயத்தை இட்டு, "எல்லாம் அவரவர் முன்னை வினை" என்று சொல்லிக்கொண்டு செல்வதும் ஆண்டுக் கேட்கப்படுவதொன்றே. நாணயமிட்டது நன்று. சொல்லிய சொல் நன்றோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சி இக்காலத்து இன்றியமையாததாயிற்று. வறுமையென்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் நாட்டிலே முறைப்பட ஆராயப்பட்டு வருகின்றது. கல்லூரி மாணவரும் அரசினரும் பொருளியற் புலவரும் ஊர்தோறுஞ் சென்று, வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளை உணவு, கடன் எவ்வளவு, நிலம் யாருடையது என்று வினாவி எழுதிக்கொள்கின்றனர். இதனைக் காணும் சைவருள் ஒருசாரார், வினைப்பயனாய் வந்த ஒன்றனை ஆராய்ந்து மாற்றப் புகுதல் சிவபிரான் ஆணையிற் குறுக்கிடுதலாம் என்பர். அவர் தம் கொள்கைக்குச் சிவஞானசித்தியாரையே சான்று காட்டுவர். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவிலுற்ற போதே அமைந்தன என்று அருணந்தி சிவாசாரியார் அருளினராகலின், இழவெய்தியவனை இழவினின்றும் எடுக்க முயல்வது பயனில் செயலென்பது அவர் துணிபு.

இத்துணிபு எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. சாத்திரத்தை அறியாதார் கூற்றாயின் வேண்டாவெனத் தள்ளலாம். அறிந்தார் கூற்றாகலின் சாத்திரத்தின் வழியே விடை கூறல் வேண்டும்.

அவ்வாறனுள்ளே இழவோடு பிணியும் எண்ணப்பட்டிருத்தலை முதற்கண் நோக்குக. பிணியும் கருவிலமைந்ததே. அங்ஙனமாயின், சுரங்கண்ட பிள்ளைக்கு மருந்து தேடாத சைவர் உளரோ? இழவை மாற்றுதல் ஆணையிற் குறுக்கிடுதலாயின் பிணியை மாற்றுதலும் அதுவேயாம். ஒன்றற்கு மருத்துவனை இரவெல்லாந் தேடி ஓடி, மற்றொன்றற்கு வினையென்று கைகட்டி நிற்றல் ஒரு நெறிப்பட்டதன்று. அன்றியும் இவ்வழக்கு முன்னரே தீர்க்கப்பட்டதொன்று. ஆளுடைய பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்துப் பனிப்பருவம் வந்தெய்தி, அந்நாட்டியல்பாகிய குளிர்சுரம் உடனிருந்த அடியாரையும் பற்ற அணுகிற்று. அப்போது அருளிய திருநீலகண்டத் திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே, இத்துன்பம் அவ்வினையால் வந்ததென்று சொல்லி அமைவாரை நோக்கி, உய்யும் வழி தேடாதிருத்தல் குறையன்றோ என்று பிள்ளையார் வினவுகின்றார். வினையுண்மையை அவர் மறுத்திலர். வினையென்னுஞ் சொல்லை முயற்சிக்குத் தாழ்க்கோலாக்குவதனையே மறுத்தார். சுரம் அந்நாட்டை விட்டே அகன்றதென்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. தம் அடியாரளவில் நில்லாது நாட்டினர் அனைவர்க்கும் அது நீங்கிற்று என்பது கருதத்தக்கது.

இனி, வினை சடமென்பதும், அது தானே சென்று தன் பயனை ஊட்டமாட்டாதென்பதும், ஊட்டுவான் சிவபிரானே என்பதும் சித்தாந்தத்தின் முதற்பாடம். ஓருயிர்க்கு எவ்வினை எப்போது முடியுமென்பதை அறிபவனும் அவனே. வீதியோரத்தே இருப்பவனைப் பார்த்த அளவில், இவனுடைய பிராரத்தம் இன்னும் எஞ்சியுளது என்று கணக்கெழுத வழிப்போக்கனுக்கு அதிகாரம் தந்தவர் யார்? அவன் வறுமைக்குரிய வினை இன்றோடு கழிந்திருத்தலும், அதனை நீக்கும் கையாக இவ்வழிப்போக்கனே வருவிக்கப்பட்டிருத்தலும் கூடாவோ? வினைக்கொள்கை ஒருவன் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ளும்போது பொறுமையைத் தருகின்றது. பிறனைக் குறித்துச் சொல்லும்போது பெரும்பாலும் சோம்பலையே தருகின்றது. பிறன் துன்பத்தைக் கண்டு ஒருவன் செய்வதும் செய்யாது விடுவதும் அவனுக்கே ஆகாமியமாய் ஏறும். அக்கணக்கை அவன் பார்க்க மறக்கின்றான்.

அற்றேல், உணவளித்தல் போதுமே. ஆராய்ச்சி எற்றுக்கு எனின், திருவீழிமிழலைக்குச் செல்லுதல் வேண்டும்.

மழை பொய்த்து ஆறுகள் வற்றி உயிர்கள் வருந்திய காலத்தே, ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அத்தலத்தில் வெவ்வேறு திருமடங்களில் எழுந்தருளியிருந்தனர். வீழிநாதர் கனவிலே தோன்றி, காலநிலையால் நீவிர் கருத்து வாடுதலிலீராயினும் நும்மைச் சார்ந்தோர் வாட்டந் தீர நாடோறும் காசு தருகின்றோம் என்னுங் கருத்துப்பட அருளிச்செய்தார். பஞ்சம் அவரவர் வினை, உண்ணாது கழிக்க என்று அவர் அருளிற்றிலர் என்பதை முற்கூறிய சாரார் உளங்கொள்வாராக. கிழக்குப் பீடத்திலே பிள்ளையாருக்கும் மேற்குப் பீடத்திலே அரசருக்கும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. அதனைக்கொண்டு உணவு சமைத்துப் பறையறைவித்து அடியார்களை அழைத்து ஊட்டினர்.

அரசர் திருமடத்தில் அமுது காலத்தே ஆயிற்று; பிள்ளையார் திருமடத்தில் தாழ்த்தது. ஊர் ஒன்று, பஞ்சம் ஒன்று, ஈந்த இறைவனும் ஒருவன், காசும் நாடோறும் ஒவ்வொன்றே. ஆயினும் பயன் வேறுபட்டது. பிள்ளையார் இதனைக் கண்டு வாளாவிருந்திலர். சமைப்போரை அழைத்துக் காரணம் வினவினார். தம் மடத்துக் காசு கடைத்தெருவில் வட்டங்கொடுத்தன்றிச் செல்லாதென்பதும், அரசர் கைத்தொண்டு செய்தலின் அவர் பெறுங்காசு வாசியில்லாததென்பதும் அப்போதே வெளிப்பட்டன. பின்னரே பதிகம் அருளி வாசியில்லாக் காசு பெற்றார். புராணங் கேட்போர் இவ்விடத்தே அரசரின் தொண்டின் மேன்மையை வியப்பர், வியத்தல் தக்கதே. ஆயின் பசித்த அடியாருக்குச் சோறு ஏன் தாழ்த்தது என்று கேட்டு, சமையலறையிலிருந்து கடைத்தெரு வரையிற் காரணத்தைப் பின்தொடர்ந்த அவ்வினாவை வியப்பார் சிலரே. ஈகை புறப்பட்ட இடத்திலே முழுமையாயிருந்து, சேருமிடத்திலே குறைந்துபோதல் இன்றும் உள்ளதே. அக்குறை எங்கே நேர்கின்றதென்று தேடுவதே வறுமையாராய்ச்சியின் பெரும்பகுதி. நோயையும் நோயின் முதலையும் அறிந்த பின்னரே மருந்து செய்க என்று வள்ளுவனார் மருந்தின்கண் வகுத்த முறையும் இதுவே.

ஆயினும் ஆராய்ச்சியென்று பெயர் பெற்றதெல்லாம் அறமாகிவிடாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழ்படுத்திய தாது வருடப் பஞ்சத்தை முதியோர் தம் முன்னோர்பாற் கேட்டிருப்பர். அக்காலத்தே அரசப் பிரதிநிதியால் அனுப்பப்பட்டு 1877-ல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், நிவாரண வேலை செய்வோனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறுகாசும் போதுமா என்று சோதிக்கும்படி வகுத்தார். ஓர் இராத்தல் என்பது அரைக் கிலோவினுங் குறைந்தது. மண்வெட்டுவோனுக்கு அது! (டெம்பிள் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கோயில் என்பது பொருள், பெயர்ப்பொருத்தம் எப்போதும் அமைவதில்லை.) மாகாணத்துச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் என்பாரும் ஆராய்ச்சியாளரே. உழைக்கும் உடம்பின் தேவையையும் சிறைப்பட்டோர்க்கு அளிக்கும் உணவையும் ஒப்புநோக்கி, இது பட்டினியே என்று அவர் எழுத்திலே எதிர்த்தார். சில திங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் மாண்டனர். இருவரும் அளந்தனர், கணக்கிட்டனர். எவ்வளவு குறைத்தாற் சாவான் என்று பார்ப்பதும் எவ்வளவு கொடுத்தால் வாழ்வான் என்று பார்ப்பதும் ஏட்டிலே ஒரே எண்களாய்த் தோன்றும்.

அப்பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்தும் வறட்சியும் கொள்ளைநோயும் வந்தன. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1877-ல் கஞ்சித்தொட்டித் தருமம் நிறுவிப் பசித்தோரை உண்பித்தார். அதனோடு அமையாது, அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் பாராமுகத்தை வெளிப்படையாகக் கண்டித்தும் எழுதினார். அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1867-ல், இராமலிங்க சுவாமிகள் வடலூரிலே சத்திய தருமச்சாலை நாட்டி அடுப்பேற்றினார். அருட்பா மருட்பா என்னும் வழக்கிலே எதிரெதிர் நின்ற இருவரும் கஞ்சியடுப்பில் ஒருமித்தனர். அவ்வழக்கை இன்றும் கிளறுவோர் இதனையும் நினைப்பாராக.

இனி, தொண்டை நாட்டிலேயே நிகழ்ந்த ஓராராய்ச்சியைக் கூறுதும். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பொருளியற் பேராசிரியராய் வந்த கில்பர்ட் சிலேட்டர் என்பார், 1916-ல் தம் மாணாக்கரை விடுமுறைக்கண் அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு முதலியவற்றை வினாவி எழுதிவரச் செய்தார். அவ்வூர்களுள் வட ஆர்க்காட்டைச் சார்ந்த தூசியும் ஒன்று. இப்போது அது திருவண்ணாமலை மாவட்டத்தின்பாற்பட்டது. தூசி என்பது படையின் முன்னணிக்குத் தமிழிலே பெயர். வறுமையாராய்ச்சியின் முன்னணியிலும் அவ்வூர் அமைந்தமை இனிதே. அக்கணக்குகள் 1918-ல் நூலாயின. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர் தலைமையில் 1936-37-ல் அவ்வூர்களே மீண்டும் ஆராயப்பட்டு 1940-ல் நூல் வெளிவந்தது. உலகமெங்கும் தானிய விலை வீழ்ந்து, பழைய கடன் புதிய சுமையாய் உழவர் கழுத்தை இறுக்கிய காலம் அது. 1938-ல் இராஜாஜியின் மந்திரிசபை உழவர் கடன் நிவாரணச் சட்டம் இயற்ற நேர்ந்தமையும் அதனாலே. பின்னர் 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மூன்றாமுறையும் தூசிக்குச் சென்றனர். ஓரூரையே பல தலைமுறையாக மறவாது போய்ப்போய்க் கேட்ட அவ்விடாப்பிடி பாராட்டத்தக்கது. ஒருநாட் சென்று ஒருபடி அரிசியளித்துத் திரும்புவோர்க்கு இது விளங்காது.

அவ்வாராய்ச்சியில் வந்த மற்றோர் ஊர் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. அங்கே படியாள் முறை இருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிறந்தான் ஒருவன் தன் திருமணச் செலவுக்கு நிலமுடையவர்பாற் சிறு தொகை கடனாகப் பெறுவான், அதற்காக ஆயுளளவும் அவர் நிலத்திலே உழைப்பான், கடன் தீராது, அவன் மகனும் அந்நிலத்துக்கே உரியவனாவான். முன்னை வினையென்று சொல்லி நகர்ந்தவர் கண்ணுக்கு இக்கடன் புலப்பட்டிராது. ஏட்டைத் திறந்து கேட்ட மாணாக்கனுக்கு அது புலப்பட்டது. மகனைக் கட்டியது எவ்வினை? அவன் பழவினை உளதாயின் இருக்கட்டும். அதனைச் சிவபிரான் அறிவான். ஆயின் அக்கடனை எழுதிக்கொண்டவன் ஒருவன் உளன். அவன் எழுதியது இப்பிறப்பிலே. மை காயாத ஆகாமியம் அது. வினைக்கொள்கையை முழுமையாக ஏற்பவன் வாங்கினவனைக் காட்டிலும் எழுதினவனையே முதலில் எச்சரித்தல் வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

வறுமைக்கோடு என்பதொன்றும் உண்டு. 1979-ல் திட்டக்குழுவினர் அமைத்த குழு, சிற்றூரில் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 2400 கலோரியும் நகரில் 2100 கலோரியும் தரும் உணவுக்குரிய செலவை அளவாகக் கொண்டது. 1973-74 விலையிலே திங்களொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 49 ரூபாயும் 57 ரூபாயும் ஆயின. கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலிருப்பவன் வறியனல்லன்! கலோரிக் கணக்கைப் பின்வந்தோர் கைவிட்டனர். கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி என்பவற்றையும் சேர்த்தெண்ணும் முறை வந்துளது. அம்முறையில் நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2019-21-ல் தமிழ்நாட்டில் வறியோர் நூற்றுக்கு இருவரளவே. மகிழத்தக்க செய்தி. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956-ல் காமராஜரும் 1982-ல் எம்.ஜி.ஆரும் விரித்த மதிய உணவுக்கும் 2022-ல் தொடங்கிய காலையுணவுக்கும் வினைக்கொள்கையைக் காட்டித் தடைசொல்லியிருப்பின் அப்பிள்ளைகளின் நிலை யாதாயிருக்கும்? எனினும் நூற்றுக்கு இருவர் என்பது ஏழு கோடியுட் பதினைந்து இலட்சம் அளவினர். கிரிவலத்திலே வெளிவரிசையில் இருப்பார் அவ்விருவருள் அடங்குவரோ என்பதும் ஐயமே. வீடில்லாதானை வீடுதோறும் கணக்கெடுப்பார் எங்ஙனம் காண்பர்?

இக்காலத்து மற்றொரு முறை பரவியுளது. சில ஊர்களுக்கு உதவி அளித்து, அவற்றையொத்த சில ஊர்களுக்கு அளியாது, திருவுளச்சீட்டுப் போலத் தெரிந்தெடுத்து ஒப்புநோக்கிப் பயனை அளப்பது அம்முறை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் என்னும் மூவர் இம்முறைக்காக 2019-ல் பொருளியலுக்குரிய நோபல் பரிசு பெற்றனர். எல்லார்க்கும் அளிக்கப் பொருள் போதாதவிடத்து, யாருக்கு முதலில் என்பதைச் சீட்டினால் தீர்ப்பது ஓரவஞ்சனையினும் நேரியது. கற்றறிந்தது பின்வருவார்க்கும் உதவும். அம்மட்டில் குற்றமில்லை. ஆயின் திருவீழிமிழலையிலும் இரு மடங்கள் ஒப்புநோக்கப்பட்டன என்பதை நினைக. ஆண்டு வேறுபாடு தானே நேர்ந்தது. பிள்ளையார் அதனைக் கண்டு அறிந்தார். அறிந்த அன்றே நீக்க முயன்றார். கையிற் சோறிருந்தும், கணக்கு முடிவதற்காக ஒரு மடத்துப் பந்தியைத் தாழ்க்கச் செய்வது அவர் செய்த ஆராய்ச்சியன்று. இவ்வெல்லையைக் கடவாத அளவே அம்முறை சைவனுக்கு உடன்பாடாம்.

கேட்கும் முறையிலும் அறமுண்டு. நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்றதிகாரங்களை வள்ளுவனார் அடுத்தடுத்து வைத்தமை, இன்மையினும் இன்மையைப் பிறர்முன் திறந்து காட்ட நேர்தல் கொடிதென்பதனாலன்றோ! ஊழென்றோர் அதிகாரஞ் செய்த அவரே, இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்று விதித்திருப்பின் விதித்தவனே கெட்டலைக என்றுஞ் சினந்தார். ஒரு தாயைப் பிள்ளைகள் முன்னிலையில் நிறுத்தி, நேற்று இரவு உண்டனையோ என்று ஏட்டைப் பார்த்தபடி கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு எழுந்து செல்பவன், அவளிடத்திருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டு செல்கின்றான், ஒன்றும் கொடுத்திலன். கணக்கு நூலாகும், நூல் பட்டமாகும். அவள் அடுப்பு அவ்வாறே கிடக்கும். வினாவினவன் கடனாளியாகின்றான்.

கிரிவல நெறியில் இவ்வினா மேலும் நுண்ணிதாகும். ஆண்டுக் காவியுடுத்திருப்போர் பலர். வேண்டிய பொருளை வேண்டாவென விட்டு வந்த துறவியும், வேண்டியும் கிடையாமையின் வந்த வறியவனும் ஒரே நிறத்துத் துணியில் ஒரே மரநிழலில் இருப்பர். முன்னவன் வறுமையைத் தீர்க்கப் புகுதல் அறியாமை. பின்னவன் வறுமையைத் துறவென்று போற்றிப் போதல் அதனினும் பெரிய அறியாமை. கேளாமல் இதனை அறிதற்கியலாது.

திருமடங்கள் இதில் என் செய்தன எனின், ஒன்றைக் கூறலாம். குன்றக்குடித் திருமடம் திருவண்ணாமலை ஆதீனம் என்றே பெயர்பெற்றது. அதன் தலைவராயிருந்த குன்றக்குடி அடிகளார் (1925-1995) அன்னம்பாலிப்போடு நில்லாது, தம் ஊரில் வீடுதோறும் யாருக்கு என்ன தொழில், என்ன குறை என்று அறிந்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வுக்கூடத்து அறிஞர்களின் துணையோடு சிறுதொழில்களும் கூட்டுறவும் ஏற்படுத்தினார். சைவத் துறவி ஆலைக்கணக்குப் பார்ப்பதா என்று முகஞ்சுளித்தோரும் இருந்தனர். உழவாரம் ஏந்திய கை பெற்ற காசுக்கு வாசியில்லை என்னும் சேக்கிழார் வாக்கை அவர்கள் மறந்தனர் போலும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடமேற்கே ஜவ்வாதுமலை நிற்கின்றது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டிலே செம்மரம் வெட்டச் சென்றோர் எனப்பட்ட 20 பேர் ஆந்திரக் காவற்படையினராற் சுடப்பட்டு மாண்டனர். அவருட் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாதுமலையினரும் அவருள் இருந்தனர். சட்டமும் வழக்கும் ஒருபாலாக. உயிர்போகும் என்றறிந்தும் மலையினின்றிறங்கிக் கூலிக்குச் செல்லும்படி அவர்களைச் செலுத்தியது யாது? மழையை நம்பிய சிறுநிலமா, முன்பணந் தந்த இடைத்தரகனா, ஆண்டிற் பல திங்கள் வேலையின்மையா? இவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தெரிதற்கு ஏடும் காலும் பொறுமையும் வேண்டும்; வினையென்றோர் எழுத்தைச் சொல்லுதற்கு ஒன்றும் வேண்டா.

அண்ணாமலையார் திருக்கோயிலில் நாடோறும் அன்னதானம் நிகழ்கின்றது. இரமணாசிரமத்திலும் முற்பகலில் வறியோர்க்கும் சாதுக்களுக்கும் முதலில் உணவளித்த பின்னரே பிறர் உண்ணும் வழக்கம் உளது. இலைகளை எண்ணினால் உண்டவர் தொகை தெரியும். இலைமுன் அமர்ந்தவனைப் பார்த்து, பரிமாறும் அன்பர் மெல்ல, "எவ்வூரப்பா?" என்று கேட்டால், சிலர் சொல்லார், சிலர் பொய் கூறுவர், ஒருவன் மலையின் பெயரையேனும், விற்றுவிட்ட நிலத்தின் பெயரையேனும் சொல்லுவான். சோறு ஆறுமுன் அவ்வளவு கேட்கலாம்.